ஐசியில் 'எஸ்/ஓ' இருந்தால் எங்கே போய்த் தூங்குவது?

சிங்கப்பூரில் தேக்கா பக்கம் திருநங்கைகளோடு பத்து வருடமாகத் தொண்டூழியம் செய்கிறேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் சொல்கிறேன். ஐசி என்றால் அடையாள அட்டை; அதில் அப்பா பெயருக்கு முன்னால் வரும் 'எஸ்/ஓ' என்றால் 'இன்னாரின் மகன்'.

வயது 22. அப்பா வெளியே போகச் சொல்லிவிட்டார். இரண்டு மாதமாகத் தோழி வீட்டு சோபாவில் படுக்கிறேன். ஐசியில் முகவரி இருக்கிறதே, நானும் வீடற்றவளா?

ஆமாம் தங்கச்சி. அந்த முகவரிக்குக் கடிதம் போகும், நீ போக முடியுமா? சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சு 2022இல் எடுத்த கணக்கில் வெளியே தூங்கியவர்கள் சுமார் 530 பேர், சோபாவில் படுப்பவர்கள் அதில் வரமாட்டார்கள். தனியாக வீவக (அரசு அடுக்குமாடி) வீடு வாங்க 35 வயது ஆகவேண்டும், அதனால் இப்போதைக்குக் குடும்பச் சேவை நிலையத்துக்குப் போ, இல்லாவிட்டால் அரசின் காம்கேர் உதவி எண் 1800-222-0000. வீட்டில் அடித்தார்கள் என்றால் 1800-777-0000, நடுராத்திரியிலும் எடுப்பார்கள்.

உறைவிடத்தில் ஆண்கள் பக்கம் போடுவார்களா?

பெரும்பாலும் ஐசியைத்தான் பார்ப்பார்கள். அதில் பாலினத்தை மாற்ற 1973இலிருந்தே வழி இருக்கிறது, ஆனால் அறுவை சிகிச்சை முடிந்திருக்க வேண்டும். படுக்கவே இடமில்லாதவள் அதற்குக் காசு எங்கே சேர்ப்பாள்? எனக்குத் தெரிந்த ஒருத்தி, ஆண்களோடு பொதுக் குளியலறையில் குளிக்க மாட்டேன் என்று விடிய விடிய காப்பிக் கடையிலேயே உட்கார்ந்திருப்பாள். ஒரு டீ-ஓ, கண் அசந்தால் பை போய்விடும் என்று அதன் வாரைக் காலில் சுற்றிக்கொண்டு. இந்தச் சிக்கலுக்காகத்தான் 2014இல் ஜூன் சுவா 'தி டீ பிராஜெக்ட்' தொடங்கினார், திருநர்களுக்கென்றே இங்கே வந்த முதல் உறைவிடம் அது. முதலில் அவர்களிடம் கேளுங்கள். வேறு இடம் என்றால் போவதற்கு முன்பே சமூக ஊழியரிடம் தனி அறை, தனிக் குளியலறை பற்றிப் பேசச் சொல்லுங்கள்.

கிளினிக்கில் முழுப் பெயரையும் 'எஸ்/ஓ'வோடு சத்தமாகக் கூப்பிட்டார்கள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இனி போகவே மாட்டேன்.

நம் ஆட்களுக்கு வரும் தலைவலி இது, அப்பா பெயருக்கு முன்னால் வரும் 'எஸ்/ஓ'வே காட்டிக்கொடுத்துவிடும். பாலின எழுத்தை மாற்றத்தான் அறுவை சிகிச்சை, பெயருக்கு வேண்டாம். 21 வயதுக்கு மேல் என்றால் வழக்கறிஞரிடம் 'டீட் போல்' (பெயர் மாற்றப் பத்திரம்) எழுதி, 'எஸ்/ஓ'வையும் எடுத்துவிட்டு, ஐசியில் பெயரை மாற்றலாம். அதுவரை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி ஐசியோடு சேர்த்து நீட்டுங்கள். எல்லா இடத்திலும் கேட்பார்கள் என்று சொல்லமாட்டேன்.

தோழி ஹார்மோன் மாத்திரை தருகிறாள். டாக்டர் இல்லாமல் போடலாமா?

வேண்டாம். ஈஸ்ட்ரோஜன் ரத்தம் உறையும் ஆபத்தைக் கூட்டும், புகைப்பவர்களுக்கு இன்னும் மோசம். ஏற்கெனவே போடுகிறவள் என்றால், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடு. பலதுறை மருந்தகத்தில் கடிதம் வாங்கி மனநலக் கழகத்துக்குப் போகலாம், அங்கே இதற்கென்று டாக்டர்கள் இருக்கிறார்கள். 21க்குக் கீழே என்றால் பெற்றோர் சம்மதம் கேட்பார்கள்.

பொது உறைவிடம் இருக்கும்போது இவர்களுக்கு எதற்குத் தனியாக?

மேலே டீ-ஓ குடித்தவளைப் பற்றிப் படித்தீர்களா?

என் பிள்ளை மூன்று மாதமாக வீட்டுக்கு வரவில்லை. என்ன சொல்லிக் கூப்பிடுவது என்றே தெரியவில்லை.

அம்மா, "சாப்பிட்டியா" என்று இன்றைக்கு ஒரு வாட்ஸ்அப் அனுப்புங்கள். எந்தப் பெயர் என்று தெரியாவிட்டால் பெயரே போடவேண்டாம்.