தஞ்சாவூரில் போர் விமானங்கள் எதற்கு?

எல்லைப் பகுதியாக இல்லாத தஞ்சாவூரில் சுகோய் விமானங்கள் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். டெல்டாவின் கிழக்கே உள்ள கடலே அதற்கு விடை.

2007 மார்ச்சில் விடுதலைப் புலிகளின் சிறு விமானங்கள் இலங்கையின் கட்டுநாயக்க விமானப்படைத் தளத்தைத் தாக்கியதால், பெரும்பாலும் வடக்கையும் மேற்கையும் நோக்கியிருந்த இந்திய வான் பாதுகாப்பில் தெற்கின் முக்கியத்துவம் கூடியது. 2009இல் போர் முடிந்த பிறகு கவலையின் வடிவம் மாறியது: 2014இல் சீன நீர்மூழ்கிக் கப்பல் கொழும்புக்கு வந்தது, 2017இல் இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகம் சீன நிறுவனத்திடம் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சென்றது.

தாக்கினால் இழப்பே மிகும் என்று எதிரியை முன்கூட்டியே நம்பவைப்பதுதான் தடுப்பாற்றல் என்பதால், வலிமையை வெளிப்படையாகக் காட்டவும் வேண்டியிருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க்கால ஓடுதளம் இருந்த இடத்தில் 2013இல் முழுமையான விமானப்படைத் தளம் திறக்கப்பட்டதும், கப்பல்களைத் தாக்கவல்ல பிரம்மோஸ் ஏவுகணையைச் சுமக்கும் 222ஆம் படைப்பிரிவு 2020 ஜனவரியில் ஊரறிய அங்கே நிறுத்தப்பட்டதும் அதனால்தான். நடுவானில் எரிபொருள் நிரப்பினால், இவ்விமானங்கள் விமானந்தாங்கிக் கப்பலுக்குக் காத்திராமல் இந்தியப் பெருங்கடலுக்குள் வெகுதூரம் செல்ல முடியும்.

ஆனால் சீன ஆய்வுக் கப்பல்களின் வருகையையோ, நாகப்பட்டினம், கோடியக்கரை மீனவர்கள் கைதாவதையோ ஏவுகணையால் தடுக்க இயலாது. அவற்றுக்குக் கடலோரக் காவலும் இடைவிடாத பேச்சுவார்த்தையும்தான் தேவை என்பது என் உறுதியான கருத்து.