அரிவாள் கிராங்கும் கம்பளி வளையமும்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வாடகை சைக்கிள் பற்றி நீங்கள் எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அப்பா திசையன்விளைப் பக்கம் 38 வருடம் சைக்கிள் கடை வைத்திருந்தவர். இப்போது வயது 76. கடையை மூடியாயிற்று, ஆனால் கொட்டகையில் ஸ்பானரும் கையுமாகத்தான் இருப்பார்.

அவர் ஒரு கிராங்க், அதாவது பெடலைத் தாங்குகிற இரும்புக் கை, செய்திருக்கிறார். நேராக இருக்கும் கிராங்கைக் கொல்லன் பட்டறையில் பழுக்கக் காய்ச்சி, அரிவாள் போல வளைத்தது. இரும்பு நீளம் கூடுவதால் இழுவை இரட்டிப்பாகும் என்பது அவர் கணக்கு. ஒரு கண்காட்சியில் கேடயம் கொடுத்தார்கள். மிதித்துப் பார்த்தவர்கள் எல்லாம் லேசாகப் போகிறது என்றுதான் சொல்கிறார்கள். இதற்குக் காப்புரிமை வாங்க முடியுமா? என் மகன் மெக்கானிக்கல் படிக்கிறான். "தாத்தா செஞ்சது எல்லாம் நூறு வருஷத்துக்கு முன்னாலயே வெளிநாட்டுல வந்தாச்சு" என்கிறான். அப்பா முகம் வாடிவிட்டது.

மற்றபடி அவர் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. உவரி மீன்காரர்கள் சைக்கிளுக்குச் சக்கரத்தின் நடுவில் இருக்கிற ஹப்பில் கம்பளி வளையம் வெட்டிப் போடுவார், இந்தச் சைக்கிளுக்கும் போட்டிருக்கிறார். அவ்வளவுதான்.

சு., திசையன்விளை

அன்புள்ள சு.,

கிராங்குக்கு ஒரு பத்தி எழுதிய நீங்கள் கம்பளிக்கு ஒன்றரை வரி எழுதி, "அவ்வளவுதான்" என்று மூடியும் விட்டீர்கள். எனக்கு அந்த ஒன்றரை வரிதான் கடிதமே. முதலில் கிராங்கை முடித்துவிடுகிறேன், அது சீக்கிரம் முடியும்.

ஒரு நூல் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையை, கிராங்க் சுற்றுகிற அச்சான பாட்டம் ஆக்சிலின் நடுவில் வையுங்கள், மறுமுனையை பெடல் கட்டையின் நடுவில். நூலை விறைப்பாக இழுத்து அளந்தால் வருகிற நீளம்தான் கிராங்கின் நீளம். நம்மூர் பெரிய சைக்கிளில் அது சுமார் ஆறரை அங்குலம். நடுவில் இரும்பு அரிவாளாக வளைந்து ஒன்பது அங்குலம் ஓடியிருக்கலாம், பாம்பாக நெளிந்து ஒரு முழம் ஓடியிருக்கலாம். கால் சுற்றுவது அதே ஆறரை அங்குல வட்டத்தில்தான். பெடல் உச்சியில் நிற்கும்போது மிதி விழாமல் திணறுகிற அந்த இடமும் வளைத்ததால் மாறாது. சரி, நிஜமாகவே நீளத்தைக் கூட்டினால்? மிதி லேசாகும், ஆனால் கால் பெரிய வட்டம் சுற்ற வேண்டும். ஏற்றம் இறைத்தவர்களுக்கு இது தெரியும். துலாவில் ஒரு பக்கம் கிடைப்பதை மறுபக்கம் கொடுத்தாக வேண்டும். அப்பா ஒருவர்தான் ஏமாந்தார் என்று நினைக்க வேண்டாம். 1980களில் இத்தாலியில் ஒரு கம்பெனி இதே போல வளைந்த கிராங்கைப் பந்தய வீரர்களுக்கே விற்றது.

அப்படியானால் மிதித்தவர்கள் லேசாகப் போகிறது என்றார்களே? பொய் சொல்லவில்லை. கேடயத்துக்குப் போகிற சைக்கிளை உங்கள் அப்பா எப்படித் தயார் செய்திருப்பார்! ஹப்புக்குள் உருள்கிற இரும்புக் குண்டு புது பால்ஸ், புது கிரீஸ், கோட்டம் எடுத்த ரிம், எண்ணெய் விட்ட செயின். போதாததற்கு உள்ளே கம்பளி வளையம். அதே சைக்கிளில் பழைய நேர் கிராங்கை மாட்டி ஓட்டிப் பாருங்கள். அதே லேசு இருக்கும். இதை அப்பாவிடம் மறைக்காதீர்கள். நூலைக் கையில் கொடுத்து அவரையே அளக்கச் சொல்லுங்கள். 38 வருடம், ஹப்பில் பால்ஸை அணைத்து நிற்கிற கோனின் இறுக்கத்தை விரல்நுனியில் அளந்தவருக்கு நூலளவு புரியாமல் போகாது.

இனி கம்பளி.

நான் பாளையங்கோட்டையில் படித்த காலத்தில் பழைய சைக்கிள் ஒன்றை மலிவாக வாங்கினேன். விற்ற கடைக்காரர் "ஓவராயில் பண்ணியாச்சு தம்பி" என்று சத்தியம் செய்தார். வாங்கி இரண்டு மாதம் இருக்கும், திருநெல்வேலி ஜங்ஷன் ஈரடுக்குப் பாலம் ஏறும்போது எழுந்து நின்று மிதித்தேன். 'கடக்' என்று ஒரு சத்தம். பெடல் வெறுமனே சுற்றியது, நான் பாரில் போய் விழுந்தேன். எங்கே அடி பட்டது என்று எழுத முடியாது. பின்னால் வந்த டவுன் பஸ் டிரைவர் என் வம்சத்தையே விசாரித்துவிட்டுப் போனார். தள்ளிக்கொண்டு போய் வேறொரு கடையில் விட்டேன். அந்தக் கடைப் பெரியவர் பின்சக்கரத்துப் பல்சக்கரமான பிரீவீலைக் கழற்றி, மூடியை எதிர்மரையில் திருகித் திறந்தார். உள்ளே கடுகை விடக் கொஞ்சம் பெரிய பால்ஸ்கள். நாக்கு மாதிரி இரண்டு இரும்புத் துண்டு. மிதிக்கும்போது அந்த நாக்கு பல்லில் விழுந்து சக்கரத்தைப் பிடிக்க வேண்டும், மிதிக்காதபோது வழுக்கி 'டிக் டிக்' என்று ஓட வேண்டும். அதைத் தூக்கிவிடுவது தலைமுடி போல ஒரு ஸ்பிரிங் கம்பி. எல்லாவற்றின் மேலும் மை போல ஒரு கறுப்புக் களி. பெரியவர் அதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்த்து, என் விரலிலும் தடவிவிட்டார். நறநறவென்றது. "கிரீஸ் இல்லவே இது, சாணை" என்றார்.

டவுனிலேயே அந்தக் கதி. உங்கள் ஊரிலோ ஒரு பக்கம் செந்தேரி என்கிற செம்மணல் மேடு, ஒரு பக்கம் கடல். கூத்தங்குழி, உவரிக் கரை மணலில் கார்னெட் என்ற செம்மணி நிறைய உண்டு. உப்புத்தாளில் ஒட்டுவதற்கும், தண்ணீரைப் பீய்ச்சி இரும்பு அறுக்கிற இயந்திரத்தில் கலப்பதற்கும் கார்னெட்டைப் பயன்படுத்துகிறார்கள். இரும்பை அறுக்கிற மணலை ஆடிக்காற்று அள்ளி வந்து ஹப்பில் போடுகிறது. அதோடு மீன்கூடையிலிருந்து சொட்டுகிற உப்புத் தண்ணீர். பால்ஸ் பாவம் என்ன செய்யும்?

மணல் எந்த வழியாகப் போகிறது என்று பார்க்க வேண்டும். ஹப் சுற்றும், கோன் சுற்றாது. சுற்றுகிற டஸ்ட் மூடிக்கும் சுற்றாத கோனுக்கும் நடுவில் இடைவெளி விட்டே ஆக வேண்டும், இரும்பும் இரும்பும் உரசினால் சக்கரம் பிடிக்கும். அந்த நூலளவு சந்துதான் மணலுக்கு வாசல். உங்கள் அப்பா அந்த வாசலில் எண்ணெயில் ஊறிய கம்பளியைக் காவல் வைத்திருக்கிறார். கம்பளி மெத்தென்று உரசுவதால் சக்கரத்தைப் பிடிக்காது, எண்ணெய் இருப்பதால் தூசி அதிலேயே ஒட்டிக்கொள்ளும். ஹப்பின் நடுவில் கலர் குஞ்சம் மாட்டுவோமே, நினைவிருக்கிறதா? அது ஹப்பின் வெளிப்புறத்தைத் துடைத்துப் பளபளப்பாக வைக்கும். நாங்கள் எல்லாம் குஞ்சத்துக்குக் காசு செலவழித்தோம். உள்ளே துடைக்க ஆள் வைத்தவர் உங்கள் அப்பா.

உங்கள் மகன் சொல்வது தகவலாகச் சரி. பழைய மோட்டார் வண்டிகளின் பேரிங்குகளில் கம்பளி அடைப்பு இருந்ததுதான். இன்று முழுக்க மூடிய பேரிங் வந்துவிட்டது. ஆனால் மூடிய பேரிங் தேய்ந்தால் தட்டிக் கழற்றி வேறு போட வேண்டும், அதற்கென்று சாமான் வேண்டும். கோனும் பால்ஸும் உள்ள ஹப்பை இரண்டு ஸ்பானரோடு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து திறந்துவிடலாம். விடிகாலையில் மீன் எடுத்து, வெயில் ஏறுவதற்குள் விற்றாக வேண்டியவருக்கு எது வேண்டும் என்று தம்பியையே கேளுங்கள்.

முன்பே வந்துவிட்டது என்பதைப் பற்றி இன்னொன்று. காற்றடைத்த டயர் என்றால் டன்லப் பெயர்தான் சொல்வோம். பெல்ஃபாஸ்டில் கால்நடை மருத்துவராக இருந்தவர், மகனின் மூன்று சக்கர வண்டிக்காகச் செய்து, 1888இல் காப்புரிமை வாங்கினார். 1890இல் அவர் காப்புரிமை செல்லாது என்று ஆயிற்று. ராபர்ட் தாம்சன் என்கிற ஸ்காட்லாந்துக்காரர் 1845இலேயே குதிரை வண்டிக்குக் காற்றுச் சக்கரம் பதிந்து வைத்திருந்தார், ஊரே மறந்துவிட்டது. பிறகு டன்லப் கம்பெனியைக் கரையேற்றியவை வேறு ஆட்களிடம் விலைக்கு வாங்கிய சில்லறை விஷயங்கள். ஒன்று, டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடாமல் ஓரத்தில் கம்பி வைப்பது. மற்றொன்று உட்ஸ் என்பவரின் வால்வு. அந்த வால்வு வேறொன்றும் இல்லை, ஒரு சின்னக் குழல் மேல் ரப்பர் உறை. நாம் கடையில் "ஒரு வால்டியூப் குடுங்க" என்று கேட்டு, எச்சில் தொட்டு மாட்டினோமே, அதேதான். டயரை யார் கண்டுபிடித்தார் என்ற சண்டை அங்கே கிடக்கட்டும், வால்டியூப் இல்லாமல் நம் சைக்கிள் ஒரு தெரு தாண்டியிருக்காது.

1949இல் தொடங்கிய அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள் கம்பெனியும் இங்கிலாந்துக் கூட்டில்தான் தொடங்கியது. நம்மிடம் வந்து சேர்ந்த பெரிய சைக்கிள் அங்கத்திய மாதிரி. முன்சக்கரத்தில் 32 கம்பி, பின்சக்கரத்தில் 40. அதில் தேரிமணல் பற்றிய யோசனை கிடையாது, இருக்க நியாயமும் இல்லை. மீதி வேலையை உங்கள் அப்பா மாதிரி கடைக்காரர்கள் செய்தார்கள். ஃபோர்க்குக்கு இரட்டைச் சப்போர்ட் கம்பி வைத்தார்கள், மீன்கூடைக்குக் கட்டில் அகலத்தில் கேரியர் அடித்தார்கள். பதநீர்க் குடம் ஆடாமல் இருக்க டியூபை வாராக அறுத்துக் கட்டினார்கள்.

காப்புரிமை கேட்டீர்கள். கிராங்குக்கு வேண்டாம், இல்லாத பலனுக்குக் காசு கட்டி அலைவானேன்? கம்பளிக்குக் கிடைக்காது. விண்ணப்பிப்பதற்கு முன்பே ஊரறியப் புழங்கிய பொருள் புதியது ஆகாது. அப்பா அதை இத்தனை வருடம் மீன்காரர்களுக்குப் போட்டு விட்டிருக்கிறார். ஆனால் இம்மாதிரி ஊர்க் கண்டுபிடிப்புகளைத் திரட்டிப் பதிவு செய்கிற தேசியப் புத்தாக்க நிறுவனம் என்று ஒன்று 2000இலிருந்து இருக்கிறது, இப்போது குஜராத் காந்திநகரில். அவர்களுக்கு எழுதிப் போடலாம். எழுதுமுன் மகனை ஒரு வேலை செய்யச் சொல்லுங்கள். கம்பளி போட்ட ஹப் ஒன்று, போடாத ஹப் ஒன்று, இரண்டையும் ஒரே மீன்காரர் சைக்கிளில் முன்னும் பின்னும் மாட்டாமல், ஒரே வழியில் போகிற இரண்டு பேர் சைக்கிளின் பின்சக்கரத்தில் மாட்டட்டும். முன்சக்கரத்துப் பாரமும் பின்சக்கரத்துப் பாரமும் ஒன்றில்லை. ஆடி ஒன்றாம் தேதி மாட்டி, ஆவணி கடைசியில் திறந்து கோனைப் படம் எடுக்கட்டும். மெக்கானிக்கல் படிக்கிற பிள்ளைக்கு இதைவிட நல்ல புராஜெக்ட் கிடைக்காது.

அப்பாவிடம் எனக்காகச் சில கேள்விகள். கம்பளி எவ்வளவு தடிமன்? தடிமன் கூடினால் சக்கரம் இறுகுமே, எப்படிச் சரிக்கட்டினார்? மழையில் நனைந்தால் கம்பளி தண்ணீரைப் பிடித்து வைத்துக் கோன் துருப்பிடிக்குமே, ஐப்பசியில் என்ன செய்வார்? விளக்கெண்ணெயா, இன்ஜின் ஆயிலா? அவர் சொல்லச் சொல்ல அவர் வார்த்தையிலேயே எழுதி அனுப்புங்கள்.

என்னிடம் இன்னும் ஒரு பழைய 28 அங்குலச் சைக்கிள் நிற்கிறது. பின் ஆக்சில் 3/8. அதற்கு இரண்டு வளையம் வெட்டித் தருவாரா என்று கேளுங்கள். காசு வாங்கிக்கொள்ள வேண்டும்.

அன்புடன்.