இருபது வயதைத் தாண்டிய சஸ்ஸிகாயாவை எப்படித் திறப்பது?

கேள்வி: சஸ்ஸிகாயா 2004 ஒன்று, குவிதால்பெர்த்தோ 2021 ஒன்று, இரண்டு இத்தாலியச் சிவப்பு ஒயின் பாட்டில்கள் கையில் இருக்கின்றன (எண் அறுவடை ஆண்டு). ஒரே விருந்தில் திறக்கப் போகிறோம். மூன்று மணி நேரம் முன்பே டிகாண்டரில், அதாவது ஒயினைக் காற்றாட விடும் கண்ணாடிக் குடுவையில், ஊற்றி வைக்கச் சொல்கிறார் நண்பர். செய்யலாமா?

பதில்: குவிதால்பெர்த்தோவுக்கு ஒரு மணி நேரம் போதும். 2004-ஐ மூன்று மணி நேரம் காற்றாட விட்டால், இத்தனை ஆண்டு காத்திருந்தது வீண்.

இரண்டும் இத்தாலியில் டஸ்கனி பகுதியின் கடலோரம், போல்கெரியில் உள்ள தெனுதா சான் குவிதோ தோட்டத்தின் ஒயின்கள். சாஞ்ஜொவேசே திராட்சையின் நாடான டஸ்கனியில், பிரான்சின் போர்தோ ஒயினைப் போல ஒன்று வேண்டும் என்று 1940-களில் கபர்னே திராட்சைக் கொடிகளை நட்டவர் மாரியோ இன்சிசா தெல்லா ரோக்கெத்தா. கல் நிறைந்த நிலம். 'சஸ்ஸோ' என்றால் இத்தாலியில் கல், பெயரும் அதிலிருந்துதான். ஆரம்பத்தில் குடித்தவர்களுக்கு அதன் துவர்ப்பு பிடிக்கவில்லை. ஆனால் நிலவறையில் கிடந்த பழைய பாட்டில்கள் ஆண்டுக்காண்டு மெருகேறின. 1968 அறுவடைதான் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. இன்றைய கலவையில் கபர்னே சோவினியோன் 85 விழுக்காடு, கபர்னே ஃப்ராங் 15. 225 லிட்டர் பிரெஞ்சு ஓக் பீப்பாய்களில் சுமார் இரண்டு ஆண்டு.

அந்தத் துவர்ப்பு எங்கே போகிறது என்பதில்தான் உங்கள் கேள்விக்கு விடை இருக்கிறது. காலப்போக்கில் துவர்ப்புப் பொருளும் நிறமிகளும் ஒன்றோடொன்று ஒட்டி, கனத்து, மண்டியாக அடியில் இறங்கிவிடுகின்றன. மேலே எஞ்சுவது தேவதாரு, புகையிலை, காய்ந்த இலை என மெல்லிய வாசனை. இளம் ஒயினின் முரட்டுத்தனத்தைத் தணிக்கும் அதே காற்று, இதைக் கலைத்துவிடும். ஆகவே 2004-ஐ டிகாண்டரில் ஊற்றுவது மண்டியைப் பிரிக்க மட்டுமே. அதுவும் பரிமாறுவதற்குச் சற்று முன்பு.

விருந்துக்கு இரண்டு நாள் முன்பே பாட்டிலை நிமிர்த்தி வைத்துவிடுங்கள். மூடியின் மேலுறையை வாயின் விளிம்புக்குக் கீழே வெட்டி, ஈரத் துணியால் துடையுங்கள். இந்த வயதில் தக்கை மக்கியிருக்கலாம். திருகாணி போட்டால் நடுவில் பிய்ந்து வரும். இரண்டு தகடுள்ள திறப்பானைத் தக்கைக்கும் கண்ணாடிக்கும் இடையே ஆட்டி ஆட்டி இறக்கி, திருகியபடி மெல்ல இழுப்பது நல்லது. உடைந்தே விட்டால் பதற வேண்டாம், வாசனையில்லாத மெல்லிய துணியில் வடிகட்டலாம்.

ஊற்றும்போது பாட்டிலின் கழுத்துக்குக் கீழே கைபேசி டார்ச்சை எரியவிட்டு, ஒரே சாய்வில், நிறுத்தாமல் ஊற்றுங்கள். நிறுத்தி நிறுத்தி ஊற்றினால் மண்டி கலங்கிவிடும். தோள்பட்டை வளைவில் கருநூல் போல ஒன்று நெளிந்து வரும். அங்கேயே நிறுத்துங்கள். அடியில் 50 மில்லி போனாலும் போகட்டும்.

சூடு முக்கியம். 16 முதல் 18 டிகிரி செல்சியஸில் பரிமாறுங்கள். அறை 30 டிகிரியில் இருந்தால் 'அறை வெப்பநிலை' என்ற பழைய அறிவுரை உதவாது, சாராய நெடிதான் மூக்கில் ஏறும். 2004-ஐ நின்ற நிலையிலேயே ஃபிரிட்ஜில் வைத்து, அந்த அளவுக்குக் குளிர்ந்ததும் எடுங்கள்.

மேலுறைக்கு அடியில் பிசுபிசுப்பும், தக்கை மேலே தள்ளிக்கொண்டும் இருந்தால் பாட்டில் எங்கோ வெயிலில் வெந்திருக்கிறது. நனைந்த அட்டைப்பெட்டி நாற்றம் தக்கையின் குற்றம். எவ்வளவு காற்று பட்டாலும் போகாது.

எதை முதலில்? இளையதிலிருந்து தொடங்குவதே வழக்கம். இங்கே மாற்றிச் செய்யச் சொல்வோம். குவிதால்பெர்த்தோவில் மெர்லோ திராட்சையும் உண்டு. பழச்சுவை தூக்கலாக இருக்கும், அதற்குப் பிறகு 2004 மங்கலாகத் தெரியும். உப்பும் மிளகும் போட்டு வாட்டிய ஆட்டிறைச்சி இரண்டுக்கும் ஒத்துப்போகும். மிளகாய்க் காரம் வேண்டாம், அது துவர்ப்பையும் சாராய எரிச்சலையும் கூட்டிவிடும்.

மீந்த குவிதால்பெர்த்தோவைத் தக்கையடைத்து ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாளும் குடிக்கலாம். 2004-ஐ அன்றிரவே முடித்துவிடுங்கள்.