பக்கவாதத்தில் பேச்சு குழறும் தாத்தா, 4 வயதில் தெளிவாகப் பேசாத பேரன்: இருவருக்கும் ஒரே கோளாறா?

இருவரின் மருத்துவச் சீட்டிலும் 'அப்ராக்சியா' என்று எழுதியிருந்தாலும் ஒன்றல்ல. தாத்தாவிடம் முழுதாக இருந்த பேச்சு உடைந்துவிட்டது. பேரனிடம் அது இன்னும் உருவாகவே இல்லை.

அப்ராக்சியாவில் தசைக்குப் பலம் இருக்கும். நாக்கை எங்கே, எப்போது கொண்டுபோவது என்று மூளை போடும் திட்டம்தான் தவறுகிறது. 'தக்காளி' என்று ஐந்து முறை சொல்லச் சொல்லுங்கள். 'கத்தாளி', 'தட்டாயி' என ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி வந்தால் அப்ராக்சியா என்று சந்தேகப்படலாம். ஐந்து முறையும் ஒரே மாதிரி கொழகொழவென்று வந்தால் அது பெரும்பாலும் டிசார்த்ரியா, அதாவது பேச்சுத் தசைகளின் பலவீனத்தால் வரும் குழறல். குழந்தை எப்போதும் காக்காவைத் 'தாத்தா' என்றால் அது ஒலி பழகும் சிக்கல். மூளைப் பாதிப்பு என்று பயப்பட வேண்டாம்.

தாத்தா ஒன்று முதல் பத்து வரை சரளமாக எண்ணுவார்; தண்ணீர் கேட்கும்போது உதடு தடுமாறும். எழுதுவதும் புரிந்துகொள்வதும் சிரமமானால் அபேசியாவும், அதாவது மொழித் திறனையே பாதிக்கும் கோளாறும், சேர்ந்திருக்கலாம். அவருக்கு ஸ்கேனில் பெரும்பாலும் இடது மூளையில் பாதிப்பு தெரியும். குழந்தைக்கு ஸ்கேன் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். சிலருக்கு மரபணுக் காரணம் உண்டு. அப்படி ஒன்றான ஃபாக்ஸ்பி2 (FOXP2) மரபணு 2001-ல் அடையாளம் காணப்பட்டது.

குழந்தைக்கு முதலில் காது கேட்கும் திறனைச் சோதியுங்கள். பிறகு பேச்சுப் பயிற்சி: வாரம் 3 முதல் 5 முறை, குறைந்த நேரம், சில சொற்களே, நிறையத் தடவை. வாயால் ஊதும் பயிற்சி மட்டும் பேச்சைக் கொண்டுவராது.

பெரியவருக்குப் பேச்சு திடீரென்று குழறினால் உடனே 108-ஐ அழையுங்கள். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசிக்கு, அறிகுறி தொடங்கியதிலிருந்து வழக்கமாக 4.5 மணி நேரம்தான் அவகாசம்.