முள்கரண்டியா, வாழையிலையா? மலை ஊர்ப் படக்குறிகள் பற்றிக் கேள்வி பதில்

நீலகிரியிலும் கொடைக்கானலிலும் உணவகம், டீக்கடை, குடிநீர் இடம் ஆகியவற்றுக்குப் படப்பலகை வைக்க நினைப்பவர்கள் கேட்ட கேள்விகள் இவை. பலகை வடிவமைப்பில் அனுபவமுள்ள ஒருவர் பதில் எழுதியிருக்கிறார்.

கோத்தகிரி, மெஸ் நடத்துபவர்: அக்கா, ரோட்டோரம் ஒரு பலகை வைக்கணும். முள்கரண்டியும் கத்தியும் நம்ம சாப்பாட்டுக்குப் பொருந்தவே இல்லையே. வாழையிலை போட்டா என்ன?

பக்கத்தில் நின்று பார்த்தால் அழகாகத்தான் இருக்கும். தூரத்தில் புரியாது. இலையை மேலிருந்துதான் வரைய முடியும். ஒரு முனை கூம்பிய நீளப் பட்டையும் நடுவில் ஒரு நரம்பும்தான் கிடைக்கும். சோறு, கூட்டு, அப்பளம் எல்லாம் இருபது மீட்டரில் வெறும் புள்ளிகள். மிஞ்சுவது ஒரு இலை. சுற்றிலும் தேயிலைத் தோட்டம் இருக்கும் சாலையில் இலைப் படத்தைப் பார்ப்பவர் நர்சரி என்பார், பூங்கா என்பார். சாப்பாடு என்று சொல்லமாட்டார்.

முள்கரண்டியும் கத்தியும் நாம் எப்படிச் சாப்பிடுகிறோம் என்பதைக் காட்ட வந்தவை அல்ல. அது எழுத்தைப் போலக் கற்றுக்கொண்ட ஒரு குறி. 1968-ஆம் ஆண்டு வியன்னா சாலைக்குறி ஒப்பந்தத்திலும், அமெரிக்கப் போக்குவரத்துத் துறைக்காக 1974-ல் வந்த 34 படக்குறிகளின் தொகுப்பிலும் உணவகத்துக்கு இதுதான். நம் நெடுஞ்சாலைகளின் நீலப் பலகையிலும் இதுதான். பாலக்காட்டிலிருந்தோ மைசூரிலிருந்தோ வருகிற ஓட்டுநர் இதை வழிநெடுகப் பார்த்துவிட்டுத்தான் உங்கள் ஊருக்கே ஏறுகிறார். அந்தப் பழக்கத்தை வீணாக்காதீர்கள். வாழையிலையைக் கடையின் பெயர்ப்பலகையில் போடுங்கள், அங்கே அதற்கு வேலை இருக்கிறது.

வரையும்போது முள்கரண்டிக்கு மூன்று பல் போதும். நான்கு வைத்தால் இடைவெளி குறுகி, தூரத்தில் ஒன்றாய் ஒட்டிக் கரண்டியாகிவிடும். பல்லின் அகலமும் இடைவெளியின் அகலமும் ஒரே அளவு இருக்கட்டும்.

குன்னூர், டீக்கடை: டீக்கும் காபிக்கும் தனித்தனிப் படம் வேணும். காபிக்கு டபரா செட் போடலாமா?

தனித்தனியாக வேண்டாம். பானம் கோப்பைக்குள் இருக்கிறது, வெளிக்கோட்டில் தெரியாது. டபராவுக்குள் நிற்கும் டம்ளரைக் கறுப்பு நிழலாக வரைந்து பாருங்கள். பூந்தொட்டி மாதிரி இருக்கும். டீ கிளாஸின் வெளிக்கோடு குப்பைத்தொட்டியோடு குழம்பும். காது வைத்த கோப்பை, அடியில் சாசர், மேலே ஆவி. இதுதான் எல்லோருக்கும் சட்டென்று பிடிபடுவது. ஆவிக்கு இரண்டு அல்லது மூன்று நெளிகோடு வையுங்கள். நான்கு, ஐந்து என்று போனால் கோப்பையில் புல் முளைத்தது போலிருக்கும். ஆவிக்கோடு கோப்பை விளிம்பைத் தொடக்கூடாது.

கொடைக்கானல், ஏரிக்கு மேலே விடுதி: பலகை எத்தனை பெரிசா இருக்கணும்? பிளெக்ஸ் கடையில கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

எங்கிருந்து படிக்க வேண்டும் என்பதை முதலில் அளந்து வாருங்கள். அந்தத் தூரத்தில் நூறில் ஒரு பங்கு, குறியின் உயரம். நடந்து வருபவர் 20 மீட்டரில் பார்க்க வேண்டுமென்றால் 20 செ.மீ. நான் சொல்வது குறியின் உயரம், பலகையின் உயரம் அல்ல. சுற்றிலும் குறியின் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்காவது வெற்றிடம் விடுங்கள்.

வண்டிக்காரருக்கு வேறு கணக்கு. கொண்டை ஊசி வளைவு முடிந்ததும் 40 மீட்டர் நேர்சாலைதான் கிடைக்கிறது என்று வையுங்கள். 30 கி.மீ. வேகத்தில் வருபவருக்கு விநாடிக்கு எட்டு மீட்டருக்கு மேல் ஓடுகிறது. ஐந்து விநாடிகூட இல்லை. 40 செ.மீ. குறி, ஒரு அம்பு, ஒரு சொல். அதற்கு மேல் எதுவும் எழுதாதீர்கள்.

கோட்டின் தடிமன்தான் பெரும்பாலோர் கோட்டைவிடும் இடம். 6/6, அதாவது குறையில்லாத பார்வை உள்ள கண்ணால் 20 மீட்டரில் பிரித்தறிய முடிந்த மிகச்சிறிய அளவு சுமார் 6 மி.மீ. பார்வைத் தெளிவு அதில் பாதியாக, 6/12 உள்ளவருக்கு அதுவே 12 மி.மீ. ஆகவே மிக மெல்லிய கோடும் மிகக் குறுகிய இடைவெளியும் குறியின் உயரத்தில் பதினாறில் ஒரு பங்குக்குக் கீழே போகக்கூடாது. கணினித் திரையில் பெரிதாக்கிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 2 செ.மீ. உயரத்தில் அச்செடுத்து, சுவரில் ஒட்டி, 2 மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். அங்கே புரியாதது சாலையிலும் புரியாது.

ஊட்டி, சிற்றுண்டிச் சாலை: ஜூலை, ஆகஸ்ட் மூடுபனியில எங்க பலகை கண்ணுக்கே தெரியல. ரெண்டு வருஷத்துல உரிஞ்சும் போச்சு.

இரண்டும் வேறு வேறு நோய்.

தெரியாமல் போவதற்குக் காரணம் நிறம். பச்சைப் பலகை தேயிலையிலும் சோலையிலும் கரைந்துவிடும். வெள்ளைப் பலகை பனியோடு சேர்ந்துவிடும். விளக்கு போட்டால் வெள்ளைப் பரப்பின் ஒளி சிதறி மெல்லிய கருங்கோட்டை விழுங்கிவிடும். அடர்நீலத்தில் வெள்ளைக் குறி போடுங்கள். பின்னால் சைப்ரஸ் மரம் இருண்டு நின்றால் பலகையின் விளிம்பில் 15 மி.மீ. வெள்ளைக் கரை கொடுங்கள், உருவம் தனியாகப் பிரியும். இரவில் வெள்ளைக்கோடு உள்ளதைவிடத் தடித்துத் தெரியும், அதனால் முள்கரண்டியின் பல்லிடைவெளியைக் கொஞ்சம் கூட்டலாம். பளபளக்கும் மேற்பரப்பு வேண்டாம். மழைநீரும் வண்டி வெளிச்சமும் சேர்ந்து குறியை அழித்துவிடும்.

உரிவதற்குக் காரணம் ஈரம். ஏ.சி.பி. (இரண்டு மெல்லிய அலுமினியத் தகட்டுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்த) பலகையின் வெட்டு விளிம்பு திறந்திருந்தால் நீர் உள்ளே இறங்கும், டிசம்பர், ஜனவரி உறைபனி அதை மேலும் பிளக்கும். 2 மி.மீ. அலுமினியத் தகடு எடுத்து, விளிம்பை 15 மி.மீ. பின்னால் மடித்து, பவுடர் கோட்டிங் கொடுங்கள். ஸ்டிக்கர் விளிம்புவரை போகவேண்டாம், 10 மி.மீ. உள்ளே நின்றுவிடட்டும். ஒட்டும் வேலையைப் பனிக்காலையில் வெளியில் வைத்துச் செய்தால் குமிழ் நிச்சயம். அறைக்குள், தகடு நன்றாக உலர்ந்தபின் செய்யுங்கள். எஃகு போல்ட்டுக்கும் அலுமினியத்துக்கும் நடுவே நைலான் வாஷர் போடாவிட்டால் அந்த இடத்தில் அரிப்பு பிடிக்கும். உயரம் ஏற ஏற, ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 10 சதவீதம் புறஊதாக்கதிர் கூடும். ஊட்டி 2,240 மீட்டர். மலிவான சிவப்பு மை சீக்கிரம் வெளிறிவிடும் என்பதால் குறியின் பொருளை நிறத்தின் மேல் சுமத்தாதீர்கள். மாதம் இருமுறை சோப்புத் தண்ணீரால் துடைத்தால் பாசி படியாது.

கூடலூர், தன்னார்வலர்: பாட்டில்ல தண்ணி பிடிச்சுக்கிற இடத்துக்குப் படம் வரைஞ்சோம். பாட்டில் படம் போட்டிருக்கோம். சரியா அக்கா?

மாற்றிவிடுங்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் குடிநீர் பாட்டிலுக்குத் தடை. பாட்டிலை மட்டும் வரைந்தால் ஒருவர் "இங்கே பாட்டில் விற்கிறார்கள்" என்பார், இன்னொருவர் "பாட்டிலை இங்கே போட வேண்டும்" என்பார். இரண்டும் நீங்கள் நினைத்ததற்கு நேர் எதிர்.

குழாயைப் பக்கவாட்டில் வரையுங்கள், திருகுபிடி மேலே தெளிவாகத் தெரியட்டும். வாயிலிருந்து ஒரே ஒரு துளி. அடியில் டம்ளர். துளியைத் தனியாகப் போட்டால் நீச்சல், மழை, எண்ணெய் என்று எதுவேண்டுமானாலும் ஆகும். குழாயை மட்டும் போட்டால் கை கழுவும் இடம் ஆகும். டம்ளர்தான் "குடிக்கலாம்" என்று சொல்கிற உறுப்பு, அதை விடவே கூடாது. பாட்டிலில் பிடிக்கலாம் என்பதையும் காட்ட வேண்டுமென்றால் டம்ளர் படத்துக்குப் பக்கத்தில் இரண்டாவது கட்டமாக, குழாயடியில் நிற்கும் பாட்டில். அகன்ற வாய், மேலே மாட்டும் வளையம் என்று வரைந்தால் எவர்சில்வர் பாட்டிலாகத் தெரியும். குறுகிய கழுத்தும் இடுப்பு மடிப்பும் வந்தால் பிளாஸ்டிக்தான்.

கை கழுவும் இடத்துக்கு அதே குழாய், டம்ளருக்குப் பதில் கை. இரண்டு பலகையும் அருகருகே இருந்தால் குழப்பம் தானாகக் குறையும்.

தாண்டிக்குடி, பண்ணை விடுதி: சைவம், அசைவம் எப்படிக் காட்டுவது?

உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் குறியையே பயன்படுத்துங்கள். சைவத்துக்குப் பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம், அசைவத்துக்குப் பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம். முன்பு அசைவத்துக்கும் வட்டம்தான். நிறம் பிரித்தறிய இயலாதவர்களுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிந்ததால் முக்கோணமாக மாற்றினார்கள். வடிவம் பேச வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ஆனால் இது பொட்டலத்துக்கும் மெனு அட்டைக்கும் ஏற்ற குறி. சாலையில் "சைவம்" என்று எழுத்தாலேயே எழுதுங்கள்.

கொடைக்கானல், ஜூஸ் கடை: எங்க பலகையைப் பார்த்து பார் இருக்கான்னு கேக்கறாங்க.

கூம்புக் கண்ணாடிக் கோப்பையும் அடியில் தண்டும் வரைந்திருப்பீர்கள். அது உலகம் முழுக்க மதுவுக்கான குறி. நேரான உயர்ந்த கிளாஸ், விளிம்பில் பழத்துண்டு போடுங்கள்.

குன்னூர், கல்லூரி மாணவி: வரைந்த குறி புரிகிறதா என்று எப்படிச் சோதிப்பது மேடம்? நண்பர்களிடம் காட்டினால் எல்லாரும் புரியுது என்கிறார்கள்.

"இது டீக்கடை மாதிரி இருக்கா?" என்று கேட்டால் யாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். விடையைக் கேள்வியிலேயே கொடுத்துவிட்டீர்கள். ஒருவருக்கு ஒரு படம் காட்டுங்கள். "இந்தப் பலகை பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே இருக்கிறது. இங்கே என்ன கிடைக்கும்?" என்று மட்டும் கேளுங்கள். அவர் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், திருத்தாதீர்கள். பிறகு நான்காகப் பிரியுங்கள்: சரி, தவறு, நேர் எதிர், தெரியவில்லை.

ஐம்பது பேர் வேண்டும். அமெரிக்காவின் பாதுகாப்புக் குறிகளுக்கான தரத்தில் 85 சதவீதம் சரியாகவும், ஆபத்தான எதிர்ப்பொருள் 5 சதவீதத்துக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். ஐம்பதில் 43 பேர் சரி, எதிராகச் சொன்னவர் இருவருக்கு மேல் கூடாது. டீக்கடைக்கு இத்தனை கறார் தேவையில்லை. "குடிக்கக்கூடாத தண்ணீர்" பலகைக்கு நிச்சயம் தேவை. கல்லூரியில் மட்டும் கேட்காதீர்கள். சந்தைக்கு வரும் படுகப் பாட்டி, எஸ்டேட் தொழிலாளி, மலையாளக் குடும்பம், பத்து வயதுப் பிள்ளை எல்லோரும் அந்த ஐம்பதில் இருக்கட்டும். தவறான விடைகள்தான் உங்களுக்குப் பொக்கிஷம். ஐந்து பேர் ஒரே தவறைச் சொன்னால் படத்தில் எந்தக் கோடு அவர்களை அங்கே இழுத்தது என்று தேடுங்கள்.

கோத்தகிரி, வியாபாரி: அம்புக்குறி எந்தப் பக்கம் வைக்கணும்?

இடப்பக்கம் போக வேண்டுமானால் படத்துக்கு இடப்பக்கம், வலப்பக்கத்துக்கு வலப்பக்கம். மலையில் 200 மீட்டர் என்று எழுதுவதைவிட "5 நிமிட ஏற்றம்" என்பது முதியவருக்கு உதவும். வழியில் படி இருந்தால் படிப் படத்தையும் சேருங்கள்.

கொடைக்கானல், சாலையோரச் சோளக் கடை: குரங்குக்குத் தீனி போடாதீங்கன்னு ஒரு படம் வேணும். போட்டிருக்கோம், குரங்கு வரக்கூடாதுன்னு நினைக்கிறாங்க.

சிவப்பு வட்டத்துக்குள் குரங்கு மட்டும் இருந்தால் அப்படித்தான் படிப்பார்கள். தடை செய்வது ஒரு செயலை, ஆகவே செயலை வரைய வேண்டும். இடது கீழ்ப்புறத்தில் நீட்டிய கை, கையில் பழம். வலது மேற்புறத்தில் அதை நோக்கிய குரங்கு. குறுக்குக்கோடு இடது மேலிருந்து வலது கீழாக 45 பாகையில் இறங்குவதுதான் விதி. இப்படி அமைத்தால் கோடு கைக்கும் குரங்குக்கும் நடுவில் விழும், பழம் மறையாது. சிவப்பு, மொத்தப் பரப்பில் 35 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. குரங்கின் வாலை வளைத்து வட்டத்தைத் தொடாமல் வரையுங்கள். வால் தெரியாவிட்டால் நாய் என்பார்கள்.