வாசகர் கேள்வி-பதில்: வானிலிருந்து குதிப்பவருக்குக் கேமரா எப்போது?

கேள்வி: அமெரிக்காவில் பணிபுரிகிறேன். ஸ்கைடைவிங் கற்று, தொடக்கநிலை உரிமமான ‘ஏ’ உரிமம் பெற்று, இதுவரை 60 முறை குதித்துவிட்டேன். ஹெல்மெட்டில் சிறிய கோப்ரோ கேமரா ஒன்றைப் பொருத்திக்கொள்ள அனுமதி கேட்டேன். 200 குதிப்புகளை முடித்துவிட்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். உள்ளங்கையில் அடங்கும் கேமராவுக்கு இத்தனை கெடுபிடி தேவையா? — வாசகர், டாலஸ்

பதில்: தேவைதான். உங்களைத் திருப்பி அனுப்பியவர்கள் உங்களுக்கு நல்லதையே செய்திருக்கிறார்கள். அமெரிக்க பாராசூட் சங்கத்தின் பரிந்துரைப்படி, கேமராவுடன் குதிப்பவர் குறைந்தது 200 முறை குதித்து ‘சி’ உரிமம் பெறும் நிலையை எட்டியிருக்க வேண்டும். கேமராவுடன் எந்தப் பாராசூட்டைப் பயன்படுத்தப் போகிறாரோ அதே பாராசூட்டில் அண்மையில் 50 முறையாவது குதித்திருக்கவும் வேண்டும். கேமரா பெரியதா சிறியதா என்ற பேதம் இதில் கிடையாது. இது அரசுச் சட்டம் அன்று, சங்கத்தின் பரிந்துரை. இருந்தாலும் பெரும்பாலான குதிப்புத் தளங்கள் இதைத் தங்கள் விதியாகவே வைத்திருக்கின்றன.

கேமராவின் எடையை நினைத்து யாரும் அஞ்சுவதில்லை. அஞ்சுவது அது பிடுங்கிக்கொள்ளும் கவனத்தை நினைத்துத்தான். 13,000 அடியில் விமானத்தை விட்டு இறங்குபவருக்குப் பாராசூட்டை விரிக்கும்வரை கிடைப்பது ஏறக்குறைய ஒரு நிமிடம். வயிறு கீழ்நோக்கிய நிலையில் மணிக்குச் சுமார் 190 கிலோமீட்டர் வேகத்தில் விழும்போது, விநாடிக்கு 170 அடிக்கு மேல் உயரம் குறைகிறது. நண்பரின் முகம் படத்துக்குள் அடங்கியிருக்கிறதா என்று ஐந்து விநாடி யோசித்தால், ஏறத்தாழ 900 அடி போய்விட்டது என்று பொருள். உயரமானியைப் பார்ப்பது, அருகில் இருப்பவர்களிடமிருந்து உரிய நேரத்தில் விலகுவது, பாராசூட் சரியாக விரியாவிட்டால் அதைக் கழற்றிவிட்டு மாற்றுப் பாராசூட்டை இழுப்பது ஆகிய மூன்றும் யோசிக்காமலேயே கைக்கு வரும் அளவுக்குப் பழகிய பிறகே, மனத்தில் ஒரு மூலையைப் படப்பிடிப்புக்கு ஒதுக்க முடியும். 60 குதிப்புகளில் அந்தப் பழக்கம் வந்துவிட்டதாக எல்லோருக்கும் தோன்றும். தோன்றுவதில் தவறில்லை, நம்பிவிடுவதில்தான் ஆபத்து.

அனுபவம் மட்டும் இருந்தால் போதும் என்றும் எண்ணிவிட வேண்டாம். 1988 ஏப்ரலில் வட கரோலினாவில், 800 முறைக்கு மேல் குதித்திருந்த ஒரு படப்பிடிப்பாளர், பயிற்சியாளரையும் மாணவரையும் படமெடுக்க அவர்களோடு குதித்தார். அவர் பாராசூட்டையே அணிந்திருக்கவில்லை. அக்காலத்து வீடியோ பதிவுக் கருவி கனமானது. அதை அவர் உடலில் சுமந்திருந்ததால், அந்தப் பாரத்தைப் பாராசூட்டின் பாரமாகவே உணர்ந்திருக்கக்கூடும் என்று பின்னர் கருதப்பட்டது. இன்று கருவிகள் சிறுத்துவிட்டன என்பதால் கவனச் சிதறலும் சிறுத்துவிட்டதாகக் கொள்ள முடியாது. விமானத்தில் ஏறும் முன்பு கேமராவைச் சரிபார்ப்பதற்கு முன்னால் பாராசூட்டைச் சரிபார்க்கும் ஒழுங்கை இப்போதே பழகிக்கொள்ளுங்கள்.

கேள்வி: 200 குதிப்புகளைக் கடந்துவிட்டேன். சென்டோசாவில் உள்ள ஐஃப்ளை காற்றுச் சுரங்கத்திலும் (கீழிருந்து வீசும் காற்றில் மிதந்து பழகும் கூடம்) பயிற்சி எடுக்கிறேன். முதலில் எந்தக் கேமரா வாங்கலாம்? — வாசகி, சிங்கப்பூர்

பதில்: கேமராவைக் கடைசியாக வாங்குங்கள், முதலில் ஹெல்மெட்டைத் தேர்ந்தெடுங்கள். படப்பிடிப்பாளருக்கு உரிய ஹெல்மெட் தலையோடு இறுக ஒட்டியிருக்க வேண்டும். வெளிப்புறம் வழவழப்பாக இருக்க வேண்டும். அவசரத்தில் ஒரே இழுப்பில் தலையிலிருந்து கழன்று விழும் வசதியும் வேண்டும். பாராசூட் விரியும்போது அதன் கயிறுகள் தலையை ஒட்டி வேகமாக மேலே எழுகின்றன. தலைக்கு மேல் துருத்தி நிற்கும் கேமராத் தாங்கியில் ஒரு கயிறு மாட்டிக்கொண்டால், விரிந்தும் விரியாத பாராசூட் உங்கள் கழுத்தோடு பிணைந்துவிடும். அந்த நிலையில் ஹெல்மெட்டைக் கழற்றாமல் மாற்றுப் பாராசூட்டை இழுத்தால் அதுவும் முதலாவதோடு சிக்கிக்கொள்ளக்கூடும்.

தரையிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். பழைய பாராசூட் கயிற்றுத் துண்டு ஒன்றைக் கேமரா பொருத்திய ஹெல்மெட்டின் மேல் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் இழுத்துப் பாருங்கள். எங்கெல்லாம் கயிறு தடைபடுகிறதோ அங்கெல்லாம் இடைவெளியை அடைத்து, டேப் ஒட்டி வழவழப்பாக்குங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஹெல்மெட்டைக் கழற்றும் பிடியைத் தேடி இழுக்கப் பழகுங்கள்.

முதல் சில குதிப்புகளைத் தனியாகவே, கேமராவைத் தலையில் சுமந்தபடி, எதையும் படமெடுக்காமல் செய்து முடியுங்கள். பாராசூட் விரியும் கணத்தில் தலை நேராக இருக்க வேண்டும். அது எப்படி விரிகிறது என்று அண்ணாந்தோ பக்கவாட்டிலோ பார்க்கும் ஆசையைப் படப்பிடிப்பாளர் விட்டுவிட வேண்டும். இரண்டு கிலோ ஹெல்மெட் அந்த இழுப்பில் பல மடங்கு கனக்கும். கழுத்து திரும்பியிருந்தால் காயம் நிச்சயம் என்றே எண்ணி நடந்துகொள்ளுங்கள். பாராசூட்டை மெதுவாக விரியும்படி மடித்து வைக்கும் முறையையும் அனுபவமுள்ளவரிடம் கேட்டறியுங்கள்.

இனி கேமராவுக்கு வருவோம். வீடியோவில் தொடங்குங்கள், புகைப்படம் பிறகு வரட்டும். அகன்ற கோண லென்ஸ்தான் பொருத்தம். ஆனால் அதில் எல்லாமே தள்ளிப்போய்ச் சிறுத்துத் தெரியும் என்பதால், படமெடுக்கப்படுபவருக்கு மிக அருகில் பறக்கும் திறமை தேவைப்படும். காற்றுச் சுரங்கப் பயிற்சி உங்களுக்குக் கைகொடுப்பது இங்கேதான். மற்றவர் விழும் வேகத்துக்கு உங்கள் வேகத்தை இணையாக்கத் தெரியாதவரிடம் எவ்வளவு விலையுயர்ந்த கேமரா இருந்தாலும், வெறும் வானமும் ஓரத்தில் ஒரு காலணியும்தான் பதிவாகும். புகைப்படக் கேமராவில் ஃபோக்கஸைக் கையால் அமைத்து, லென்ஸ் வளையம் நகராதபடி டேப் ஒட்டிவிடுவார்கள். கைகள் பறப்பதற்குத் தேவை என்பதால் ஷட்டரை வாயில் வைத்துக் கடிக்கும் சுவிட்சால் இயக்குவார்கள். கேமரா எதைப் பார்க்கிறது என்று தெரிந்துகொள்ள, ஒரு கண்ணுக்கு முன்னால் சிறு வளையக் குறிகாட்டி இருக்கும். அதைத் தரையில், நீங்கள் படமெடுக்கப் போகும் அதே தூரத்தில் ஒரு புள்ளியை வைத்துச் சரிசெய்ய வேண்டும். சிங்கப்பூர் போன்ற ஈரப்பதம் மிகுந்த ஊர்களைச் சேர்ந்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: மேலே குளிர்ந்துபோன லென்ஸ், கீழே வரும்போது பனி மூடிக்கொள்ளும், தரையிறங்கும் காட்சி தெளிவாக வரவில்லையே என்று கேமராவைக் குறைசொல்ல வேண்டாம்.

கேள்வி: டேண்டம் முறையில், அதாவது பயிற்சியாளரோடு பிணைந்து, குதிப்பவர்களைப் படமெடுப்பதைத் தொழிலாகச் செய்ய விரும்புகிறேன். எப்படிப் பழகுவது? — வாசகர், துபாய்

பதில்: அனுபவமுள்ள நண்பர்களைப் படமெடுத்துப் பழகிய பிறகுதான் டேண்டம் பக்கம் போக வேண்டும், அதற்கு 200 குதிப்புகள் போதவே போதாது. பயிற்சியாளரோடு பிணைக்கப்பட்டிருக்கும் பயணி என்ன செய்வார் என்று சொல்ல முடியாது. பதற்றத்தில் கையை நீட்டி உங்களைப் பற்றிக்கொள்ளவும் கூடும். டேண்டம் இணைக்கு மேலே, வேகத்தைக் கட்டுப்படுத்தும் சிறிய பாராசூட் ஒன்று இழுபட்டுக்கொண்டே வரும். அவர்களுக்கு நேர் மேலே காற்றழுத்தம் குறைந்த பகுதி ஒன்று உண்டு. அதற்குள் நுழைந்தால் உங்களைத் தாங்கிய காற்று இல்லாமல் போய், அவர்கள் மேலேயே விழுந்துவிடுவீர்கள். நேர் மேலேயும் கூடாது, நேர் கீழேயும் கூடாது. முன்னாலோ பக்கவாட்டிலோ நின்றுதான் படமெடுக்க வேண்டும்.

கைக்கும் இடுப்புக்கும் இடையே துணிச்சிறகு வைத்துத் தைத்த உடையை இவர்கள் அணிவார்கள். கையை விரித்தால் வேகம் குறையும், ஒடுக்கினால் கூடும். அந்தச் சிறகுத் துணி, பாராசூட்டை இழுக்கும் பிடிகளை மறைக்காமல் இருக்கிறதா என்பதை உடையைத் தைக்கும் நிலையிலேயே பாருங்கள்.

தொழில்நுட்பம் கைவர நான் பரிந்துரைக்கும் நல்ல பள்ளி, நால்வர் அணிப் போட்டி. நால்வரும் 35 விநாடிக்குள் எத்தனை வடிவங்களை அமைத்தார்கள் என்பதை, ஐந்தாமவராக உடன் குதிக்கும் படப்பிடிப்பாளரின் வீடியோவைப் பார்த்தே நடுவர்கள் மதிப்பிடுகிறார்கள். ஒருவர் கை மற்றவரைப் பற்றியிருப்பது தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதால், செங்குத்தான கோணத்தில் மேலிருந்து, தள்ளாடாமல் எடுக்கப் பழகிவிடுவீர்கள்.

கேள்வி: முதன்முறையாக டேண்டம் குதிக்கப் போகிறேன். என் செல்பேசியில் நானே படமெடுக்கலாமா? — வாசகி, மைசூரு

பதில்: கூடாது. கைநழுவினால் கீழே யார் தலையில் விழும் என்று சொல்ல முடியாது. பயிற்சியாளரும் அனுமதிக்க மாட்டார். அவரே மணிக்கட்டில் கேமரா அணிந்து எடுத்துத் தருவது இப்போது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. கட்டணத்தில் அதுவும் சேர்ந்திருக்கிறதா, தனியாகச் செலுத்த வேண்டுமா என்பதை முன்பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.