நீல டிக் வருகிறது, பதில் வரவில்லை: தோழியிடம் கேட்கலாமா?

தாராளமாகக் கேட்கலாம். ஆனால் “ஏன் பதில் போடவில்லை?” என்று வேண்டாம். அதற்கு ஒரு ‘ஸாரி’ வரும், அதோடு பேச்சு முடிந்துவிடும்.

நீங்கள் தோழிக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியைப் பார்த்தேன். நீளமான பத்தி, நாலைந்து விஷயம், கேள்வி ஒன்றுகூட இல்லை. ‘சாவகாசமாக எழுதிக்கொள்ளலாம்’ என்று தள்ளி வைத்திருப்பார். நாள் ஏற ஏறக் கூச்சமும் ஏறும். அப்புறம், நீல டிக் என்பது அரட்டையைத் திறந்தார் என்பதற்குத்தான் அடையாளம். முழுதாகப் படித்தார் என்பதற்கு அல்ல.

“சனிக்கிழமை சாயங்காலம் பத்து நிமிஷம் பேசலாமா?” என்று ஒரே வரி அனுப்பிப் பாருங்கள். பழைய செய்தியைப் பற்றி மூச்சு விடாதீர்கள்.

ஒன்று மட்டும்: எப்போதும் உடனே பதில் போடுகிறவர் திடீரென்று அமைதியாகிவிட்டார் என்றால், இதெல்லாம் வேண்டாம், நேராகப் போன் செய்யுங்கள். அவருக்கு வேறு ஏதாவது சிக்கல் இருக்கலாம்.